ஒன்பதரை முதல் பதினொன்றரை வரை

மேனேஜர் தன் டைரியைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் காலை ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை சிவப்புப் பென்சிலால் கட்டம் கட்டி, உள்ளே அழுத்தித் தீட்டியிருந்தார். கட்டம் கொஞ்சம்கூடக் கோணவில்லை. ஸ்கேல் வைத்துப் போட்டிருக்க வேண்டும்.

"இது புது கஸ்டமர் நேரம். இந்த ரெண்டு மணி நேரத்துல பழைய கஸ்டமரைப் பாக்கக் கூடாது. ஆபீசுக்கு வரக் கூடாது. டீக்கடையில உக்காரக் கூடாது. வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லைனாக்கூட பதினொன்றரைக்கு அப்புறம்தான் போகணும்."

"எனக்கே உடம்பு சரியில்லைன்னா சார்?"

"அதுவும் பதினொன்றரைக்கு அப்புறம்தான்."

அவர் சிரிக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், என்னைவிட நான்கு வயது சின்னவர். மதுரை வெயிலில் டை கட்டிக்கொண்டு அலைந்த முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார். கடைசி ஆளும் அவரே.

நாங்கள் விற்றது எலக்ட்ரானிக் தராசு. தொண்ணூறுகளின் நடுவில் அது புதுச் சரக்கு. தட்டும் படிக்கல்லுமாக இருந்த கடைகளில் சிவப்பு எழுத்தில் எண் ஓடும் பெட்டியைக் கொண்டுபோய் வைப்பது என் வேலை. அந்த வேலையில் அப்போது எனக்கு ஐந்து வருடம். ஐந்து வருடத்தில் நான் பிடித்த கஸ்டமர்களை எண்ணிவிடலாம். ஆனால் பிடித்தவர்களை விட்டதில்லை. தினமும் அவர்கள் கடைக்குப் போய், தராசைத் துடைத்து, அவர்கள் வாங்கித் தரும் டீயைக் குடித்து, நான்கு ஜோக் சொல்லிவிட்டு வருவேன். இதற்குப் பெயர் சர்வீஸ் என்று நானாக நினைத்திருந்தேன். மேனேஜர் வேறு பெயர் வைத்திருந்தார்.

"மார்ச் முடியறதுக்குள்ள பத்து புதுக் கடை. இல்லைன்னா ஏப்ரல்ல நீங்க வேற இடம் பாத்துக்கலாம்."

அப்போது ஜனவரி. கோச்சடையில் வாடகை வீடு, மகளை அந்த வருடம்தான் பள்ளியில் சேர்த்திருந்தோம். வேறு இடம் என்று நான் பார்த்ததெல்லாம் சினிமா தியேட்டரில்தான்.

மறுநாள் ஒன்பதரைக்கு மொபெட்டின் முன்னால் தராசைச் சாக்கில் சுற்றி வைத்துக்கொண்டு விளக்குத்தூண் பக்கம் கிளம்பினேன். முதல் கடையில் ஏறி, "வணக்கம்ணே, ஒரு புது ஐட்டம்..." என்று வாயைத் திறந்தேன்.

"என்ன விக்க வந்தியா?"

"ஆமாண்ணே."

"ஏப்பா, இன்னும் போணியே ஆகலை. கடையைத் தொறந்து இன்னும் ஒத்த ஆளு வரலை. அதுக்குள்ள எங்கிட்ட விக்க வந்துட்ட. இறங்குப்பா, இறங்கு."

இறங்கினேன். எனக்குப் பின்னால் படியில் தண்ணீர் தெளிக்கும் சத்தம் கேட்டது. நான் மிதித்த இடத்தைத்தான் கழுவுகிறார்கள்.

மதுரையில் கடை வைத்திருப்பவர் எந்த மதமானாலும் எந்தச் சாதியானாலும், அன்றைய முதல் வியாபாரமான போணி ஆகும்வரை அவருக்குக் காது கேட்காது. கடன் கேட்க முடியாது, நன்கொடை கேட்க முடியாது, விலைகூடச் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. அந்த நேரத்தில் கையில் பொருளோடு விற்க வருகிறவன் பூனை மாதிரி. பூனையாவது குறுக்கே போய்விடும், நான் நேரே வந்து நின்றேன். பெரும்பாலான கடைகளில் போணி ஆகவே பத்தரை பதினொன்றாகிவிடும். அதற்குப் பின்னால்தான் மனிதர்களாகப் பேசுவார்கள். அதாவது, பேசவே முடியாத இரண்டு மணி நேரத்தைத் தேடிப் பிடித்து மேனேஜர் சிவப்புப் பென்சிலால் தீட்டியிருந்தார்.

அவரிடம் சொல்லிப் பார்த்தேன்.

"போணின்னா?"

விளக்கினேன்.

"அதெல்லாம் மூடநம்பிக்கை. காலையிலதான் கஸ்டமர் மைண்ட் ஃப்ரெஷ்ஷா இருக்கும். ஃபோகஸ் சார், ஃபோகஸ்."

ஊருக்குள்தானே இந்தத் தொந்தரவு என்று ஒரு நாள் தராசோடு பஸ் ஏறிச் சோழவந்தானுக்குப் போனேன். வெற்றிலைக்கு விடிகாலையிலேயே வியாபாரம் முடிந்துவிடும், போணிப் பிரச்சினை இருக்காது என்பது என் கணக்கு. தராசை இறக்கி, ஸ்விட்சைப் போட்டு, எண் ஒளிர்வதைக் காட்டினேன். வெற்றிலைக் கமிஷன் கடைக்காரர் ரொம்பப் பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. தம்பிக்கு எந்த ஊரு?"

"மதுரைதாண்ணே."

"மதுரையில வெத்தலையை எடை போட்டா விக்கிறாய்ங்க?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வெற்றிலையை எண்ணித்தான் அடுக்குவார்கள். ஐந்து வருடம் வெற்றிலை போட்ட வாய் எனக்கு.

"எடை போட்டு விக்கலாம்னா, ராத்திரி பூரா தண்ணி தெளிச்சே நான் பணக்காரனாயிருப்பேனே மாப்ள," என்றார். தம்பியாக இருந்தவன் அதற்குள் மாப்ள ஆகியிருந்தேன். மார்க்கெட்டே சிரித்தது. திரும்பும்போது ஒரு கட்டு வெற்றிலை இலவசமாகக் கொடுத்தார். எண்ணித்தான் கொடுத்தார்.

அந்த பஸ் பயணத்தில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வராமலேயே இருந்திருக்கலாம்.

போணி ஆகாததுதானே பிரச்சினை? போணியை நானே செய்துவிட்டால்? மறுநாள் விளக்குத்தூண் கடைக்கு மறுபடி போனேன். தராசை வண்டியிலேயே விட்டுவிட்டேன். "அண்ணே, ஒரு சீப்பு குடுங்க." காசைக் கண்ணில் ஒற்றிக் கல்லாவில் போட்டார். முகம் மலர்ந்தது. "வேற என்ன வேணும் தம்பி?" என்றார். "வேற ஒண்ணும் வேண்டாம்ணே, ஒரு ரெண்டு நிமிசம் பேசணும்." பேசவிட்டார். வாங்கவில்லை, ஆனால் பேசவிட்டார்.

அதிலிருந்து தினமும் புது கஸ்டமர் நேரத்தில் நான்கு கடை. ஒரு கடையில் ஊக்கு, ஒரு கடையில் கற்பூரம், ஒரு கடையில் பட்டன், ஒரு கடையில் டீ வடிகட்டி. வீட்டு அலமாரியில் ஒன்பது சீப்பு சேர்ந்தது. எனக்கு அப்போதே முன் மண்டை வழுக்கை.

என் மனைவி அலமாரியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "புது கஸ்டமர் பிடிக்கப் போறேன்னு போறீக. சாயங்காலம் நீங்கதான் புது கஸ்டமரா வீட்டுக்கு வாரீக."

இப்படி வாங்கிக்கொண்டிருந்தபோதுதான் மகால் பக்கத்துச் சந்தில் சாயப்பொடிக் கடை வைத்திருந்த அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன். சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் மனைவியிடம் அவர்கள் மொழியில் பேசுவார், வெளியே வந்தால் என்னைவிட நன்றாக மதுரைத் தமிழ் பேசுவார். சேலைக்குச் சாயம் போடுகிறவர்கள்தான் அவருக்கு வியாபாரம். அவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். நான் போன அன்று பத்து கிராம் நீலம் வாங்கினேன். அவர் பழைய தட்டுத் தராசில் நிறுத்து, பொட்டலம் மடித்துக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து அந்தச் சந்தில் போனபோது கடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"தம்பி, தம்பி! நில்லுங்க. அன்னிக்கு நீங்க போணி பண்ணிட்டுப் போனீங்கள்ல? சாயங்காலம் வரைக்கும் உக்கார நேரமில்லை. மூணு மாசமா நகராம கெடந்த மரூன் மொத்தமும் போயிருச்சு. என்னா கைராசிங்கிறீங்க உங்களுக்கு!"

நான் சிரித்தேன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணே, அது தற்செயல்" என்று. நான் சொன்னது: "எங்க வீட்லயும் அப்படித்தாண்ணே சொல்லுவாக." வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. நான் கை வைத்த ரேடியோவையும் கடிகாரத்தையும் பற்றி வேறு மாதிரிதான் சொல்வார்கள்.

ஜோக்குக்காகத்தான் சொன்னேன். ஆனால் கடைத்தெருவில் ஜோக் நடந்து போகாது, சைக்கிளில் போகும். ஒரு வாரத்தில் விளக்குத்தூண் சீப்புக் கடைக்காரரும், "ஆமாய்யா, அந்தத் தம்பி வந்த அன்னைக்கு எனக்கும் ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்துச்சு," என்று நினைவுபடுத்திக்கொண்டார். என்னை இறங்கச் சொல்லிப் படியைக் கழுவிய அதே மனிதர், "வாங்க ராசிக்காரரே" என்று ஸ்டூல் போட்டார். எனக்காகக் காத்திருந்து கடை திறந்தவர்களும் உண்டு.

நெல்பேட்டை பக்கம் முந்திரி, பேரீச்சம்பழம் விற்ற பாய் ஒருவர் மட்டும் நேரடியாகக் கேட்டார். "தம்பி, இந்த ராசி கீசி எல்லாம் நான் நம்ப மாட்டேன். அல்லா குடுக்குறதுதான். நீங்க சொல்லுங்க, இந்த மிசின் அஞ்சு கிராம் வித்தியாசம் காட்டுமா?"

"காட்டும் பாய்."

"அப்ப வைங்க. படிக்கல்லு தேஞ்சு போச்சு, எனக்கே சந்தேகமா இருக்கு." வாங்கிவிட்டு, நான் இறங்கும்போது கொஞ்சம் தயங்கி, "எதுக்கும் நாளைக்கும் ஒரு நூறு கிராம் வாங்கிட்டுப் போங்க," என்றார். என் வாழ்நாளில் தராசைத் தராசுக்காக வாங்கிய ஒரே கஸ்டமர் அவர்.

மற்றவர்களிடம் நான் வேறு வித்தை காட்டினேன். "வெள்ளிக்கிழமை போணிக்கு வாரேண்ணே. ஆனா ஒண்ணு. என் கைராசியில பாதி இந்தத் தராசுல இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர்களும் சிரித்துக்கொண்டேதான் வாங்கினார்கள். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒன்பது கடை. மேனேஜர் என் தோளில் தட்டி, "பாத்தீங்களா? ஃபோகஸ்," என்றார்.

பத்தாவது கடை சாயப்பொடி அண்ணனுடையது. இத்தனைக்கும் அவர்தான் என் ராசியைக் கண்டுபிடித்தவர், ஆனால் அவர் மட்டும் தராசு வாங்கியிருக்கவில்லை. வசதியில்லை என்று எனக்குத் தெரியும், நானும் அழுத்தவில்லை. அவரே ஒரு நாள் சொன்னார்: "தம்பி, ஆனையூர்ல புதுசு புதுசா வீடு கட்டுறாய்ங்க. அங்க ஒரு கடை போடப் போறேன். வெள்ளையடிக்கிற கலர், கோலப்பொடி, சாயம், எல்லாம் வைக்கிறேன். இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, ரெண்டு கடைக்கும் உங்க தராசுதான். ஆனா தொறக்குற அன்னைக்குப் போணி உங்க கையால ஆகணும். ஆனதும் ஆர்டர்ல கையெழுத்துப் போடுறேன்."

"கண்டிப்பா வாரேண்ணே."

"வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம் பொறந்துரும். அதுக்கு முன்னால."

"ஒன்பதரைக்கெல்லாம் நிப்பேன். அதுதான் என் நேரமே."

முந்தின நாளே புதுத் தராசைக் கொண்டுபோய் ஆனையூர்க் கடையில் வைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆர்டர் படிவம் எடுக்கப் போனால், ஆபீஸ் வாசலில் மேனேஜர் நின்றார். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். மதுரையில் புது கஸ்டமர் நேரத்தை எப்படிக் கடைப்பிடிக்கிறோம் என்று கேட்க வந்திருக்கிறாராம். "நீங்கதான் உதாரணம். கால் மணி நேரம் பேசுங்க, போதும்."

"சார், இப்ப ஒன்பதரை. இது புது கஸ்டமர் நேரம். ஆபீசுக்கு வரக் கூடாதுன்னு..."

"இன்னிக்கு மட்டும்."

உள்ளே போனேன். இதுவரை நடந்ததற்கு மேனேஜர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தப்பித்துவிடலாம். இதற்கு மேல் முடியாது.

கால் மணி நேரத்தில் பேச்சு முடிந்தது. நான் சோழவந்தான் வெற்றிலைக் கதையைச் சொன்னேன், பெரிய அதிகாரி மேஜையைத் தட்டிச் சிரித்தார். அதுவரை அவ்வளவு பெரிய மனிதர் யாரும் என் ஜோக்குக்குச் சிரித்ததில்லை. கடிகாரத்தில் பத்தடிக்க ஐந்து நிமிடம். கிளம்பியிருந்தால் பத்தரைக்குள் ஆனையூர் போயிருப்பேன். "வேற என்னப்பா அனுபவம்?" என்றார். சீப்புக் கதையைச் சொன்னேன். போணியைச் சொல்லாமல், கஸ்டமரோடு உறவை வளர்க்க முதலில் நாமே வாங்க வேண்டும் என்று ஒரு தத்துவமாகச் சொன்னேன். மேனேஜர் அதை டைரியில் குறித்துக்கொண்டார். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தே கால். இன்னும் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன். வழுக்கையும் ஒன்பது சீப்பும். அதற்கு அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நான் ஆனையூர் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று ஐந்து.

கடை வாசலில் மாவிலைத் தோரணம். உள்ளே மேஜை மேல் என் தராசு, சந்தனம் குங்குமம் வைத்து, கதம்பம் சுற்றி. ஸ்விட்ச் போட்டிருந்தது. சிவப்பு எழுத்தில் எல்லாம் பூஜ்யம். அண்ணன் புது வேட்டியில் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி," என்றார். கோபமே இல்லை.

"அண்ணே, ஆபீஸ்ல ஒரு..."

"இருக்கட்டும். இப்ப ராகுகாலம். பன்னெண்டு வரைக்கும் உக்காருங்க."

"இதுவரைக்கும் யாருமே வரலையா?"

"வந்தாங்களே. ஒன்பதரைக்கே ஒரு அம்மா கோலப்பொடி கேட்டாங்க. கொஞ்சம் பொறுத்து வாங்கம்மான்னேன். அப்புறம் ஒரு மேஸ்திரி. எட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கணுமாம், கலர் எம்புட்டு இருக்குன்னு கேட்டாரு. பத்தரைக்கு மேல எப்படிக் குடுக்குறது? அதுக்கு முன்னாலயும் குடுக்க முடியல. நீங்க வரலையே."

"அவருக்குக் குடுத்திருக்கலாமேண்ணே! எட்டு வீடு!"

"அதெப்படி? உங்களை வரச்சொல்லிட்டு வேறொருத்தர் கையால போணி பண்ணா உங்களுக்கு என்ன மரியாதை?"

உள்ளேயிருந்து அவர் மனைவி அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். அவர் அதே மொழியில் சுருக்கமாகப் பதில் சொன்னார். என்னவென்று நான் கேட்கவில்லை. கேட்காமலே பாதி புரிந்தது.

அந்த ஐம்பத்தைந்து நிமிடத்தில் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பேரையும், "பன்னெண்டுக்கு மேல வாங்க" என்று அனுப்பினார். ஒருவரும் திரும்பி வரவில்லை. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மாதமாக நான் தேடி அலைந்த ஜாதி அது: தானாகக் கடையேறி வரும் புது கஸ்டமர். என்னிடம் ஒரு ஜோக்கும் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஐம்பது கிராம் சிவப்பு வாங்கினேன். தராசு சரியாகக் காட்டியது. எங்கள் சரக்கில் குறை சொல்ல முடியாது.

ஆர்டர் படிவத்தை நான் எடுக்கவில்லை. அவராகவே சொன்னார்: "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி. வியாபாரம் எப்படின்னு பாத்துக்கிட்டு." மார்ச் கடைசியில் போய்த் தராசைத் திருப்பி எடுத்து வந்தேன். அந்த மேஸ்திரி வேறு கடையில் பழகிவிட்டார், அவரோடு அந்தப் பக்கத்துக் கொத்தனார்கள் எல்லோரும். ஆடி வருவதற்குள் ஆனையூர்க் கடை மூடியது. அடுத்த வருடம் மகால் சந்துக் கடையும்.

எனக்கு ஏப்ரலில் கடிதம் வந்தது. ஒன்பது என்பது பத்து இல்லை. கொடுத்தவர் மேனேஜர்தான், வருத்தப்பட்டுத்தான் கொடுத்தார். அவருக்கு மேலிடத்துக்கு மாற்றலாகியிருந்தது. புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். முதலில் நாமே வாங்க வேண்டும் என்று போர்டில் எழுதிப்போடுகிறாராம்.

ராசி வந்த சைக்கிளிலேயே திரும்பிப் போனது. ஆனையூர்க் கதை கடைத்தெருவுக்கு வந்ததும் ஸ்டூல்கள் உள்ளே போயின. "அந்தாளு கையா? வேணாம்ப்பா." வேலையில்லாமல் ஒரு நாள் காலையில் மகளுக்கு நிஜமாகவே ஒரு சீப்பு வாங்கப் போனேன். கடைக்காரர் என்னைத் தெருமுனையில் பார்த்ததுமே உள்ளே போய்விட்டார்.

பிறகு ஒரு பார்சல் ஆபீசில் வேலை கிடைத்தது. கவுன்டரில் உட்கார்ந்தால் போதும், கஸ்டமர்கள் அவர்களாகவே வருவார்கள். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு மார்கழியில் மகள் கலர் கோலப்பொடி கேட்டாள். மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் தெற்குமாசி வீதியில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கடையில் ஏறினேன். யூனிஃபார்ம் சட்டை போட்ட ஒருவர் வேகமாக எதிரே வந்தார். சாயப்பொடி அண்ணன். தலை முழுக்க நரைத்திருந்தது.

"தம்பி! நல்லாருக்கீங்களா? வீட்ல நல்லாருக்காங்களா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நிஜமான சந்தோஷம். நானும் ஏதோ சொன்னேன். பிடித்த கையை விடாமலேயே அவர் திரும்பி, கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளியைப் பார்த்தார். பிறகு என்னை மெல்ல வாசல் பக்கம் நடத்திக்கொண்டு வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க தம்பி. இன்னும் போணி ஆகலை. பதினொன்றரைக்கு மேல வாங்களேன். நானே நல்ல பொடியா எடுத்துத் தாரேன்."

"வாரேண்ணே," என்றேன்.

எதிர்ச் சாரியிலிருந்த டீக்கடையில் உட்கார்ந்தேன். மணி ஒன்பதே முக்கால். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் பையோடு அந்தக் கடைக்குள் போனாள், பொட்டலத்தோடு வெளியே வந்தாள். உடனே அண்ணன் வாசலுக்கு வந்து தெருவில் இரண்டு பக்கமும் தேடினார். என்னைப் பார்த்ததும், ஆயிற்று, இப்போது வரலாம் என்று கையை ஆட்டினார்.

நானும் கையை ஆட்டினேன். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தேன். கோலப்பொடி கோச்சடையிலேயே கிடைக்கும், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம்.